மரங்கள் நின்ற இடம்

அந்தப் படத்தில் யார் குரலும் கேட்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி எடுத்தார்களோ அப்படியே எடுக்க வேண்டும் என்று டைரக்டர் பெண்ணுக்குப் பிடிவாதம். கறுப்பு வெள்ளை. ஆட்கள் வாயை அசைப்பார்கள். பிறகு ஒரு கறுப்பு அட்டை வரும், அவர்கள் சொன்னது அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். கேமராவைக்கூட ஓர் ஆள் நின்று, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கையால் சுற்றினார். அதில் ஒரு ரயில் வரும். அந்த ரயிலை ஓட்டியவன் நான்.

ரயில் என்றால் அரைப் பெட்டிதான். ஒரு பழைய கிடங்குக்குள் பலகையால் கட்டியது. ஒரு பக்கம் சுவரே இல்லை, அங்கே கேமரா. மறுபக்கம் மூன்று ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முந்நூறு அடித் துணி. மரம், கம்பம், குன்று, ஒரு குளம், மறுபடி மரம் என்று அதில் வரைந்திருந்தார்கள். துணியின் இரண்டு நுனிகளும் ஆள் உயர உருளைகள் இரண்டில் சுற்றியிருக்கும். ஓர் உருளையின் கைப்பிடியை நான் சுற்றினால் துணி அங்கிருந்து இங்கே வரும். மரங்கள் ஓடும். பார்க்கிறவனுக்கு ரயில் ஓடும். இரண்டு நிமிஷத்தில் துணி தீர்ந்துபோகும். பிறகு எல்லாவற்றையும் திருப்பிச் சுற்ற வேண்டும்.

முப்பது வருஷமாக நான் சினிமாவில் பலகை தூக்குகிறவன். ‘இங்கே வை’ என்றால் வைப்பேன், ‘அங்கே வை’ என்றால் அங்கே வைப்பேன். என் கையில் ஒரு மிஷினைக் கொடுத்தது இந்தப் படத்தில்தான். டைரக்டர் பெண் என்னை ‘டிரைவரண்ணே’ என்றுதான் கூப்பிடும். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் நான் டிரைவர் ஆகிவிட்டேன்.

“மாமா, வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?” என்று டெய்லர் தினமும் கேட்பான். “காலையில ஏறுனேன், இன்னும் அதே குளம்தான் வருது.”

டெய்லர் அந்தப் படத்து நடிகர்களுக்கு உடுப்பு தைத்தவன். என் மனைவியை அக்கா என்று கூப்பிட்டதால் நான் அவனுக்கு மாமா. மற்றபடி உறவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொந்த மச்சினனைவிட அதிகமாக என்னைக் கிண்டல் செய்வான்.

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும், அதுவும் படம் வரைகிற மாதிரி. வீட்டில் எல்லாவற்றையும் படிப்பவள் என் மனைவி. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, வீட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போகிற நோட்டீஸ். சினிமாவுக்குப் போனால்கூடப் பெயர் போடுகிறபோது என் காதோரம் வந்து படித்துச் சொல்வாள். அவளுக்கு ரகசியம் பேச வராது. முன் வரிசையில் இரண்டு பேராவது திரும்பி முறைப்பார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னபோது, “அப்போ படம் முழுக்க அட்டையா? நீ பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றேன்.

“வாய் பேசாத படத்துக்கும் என் வாய்தான் வேணுமா உங்களுக்கு?” என்றாள்.

அன்றைக்கு அவள் மதியம் கிடங்குக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்படியே வருவதாகச் சொன்னாள். சில மாதமாக அவளுக்கு வயிற்றில் ஒரு வலி. ஏதோ பரிசோதனை எடுத்திருந்தார்கள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லீங்க. வயசாகுதுல்ல. சாப்பிடுங்க முதல்ல.”

சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார வேண்டிய துணை நடிகை அன்று வரவில்லை. டைரக்டர் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பிறகு என் மனைவியைப் பார்த்தது. மறுபடி பார்த்தது.

“அக்கா, ஒரு நிமிஷம் இங்க உக்காருவீங்களா?”

“நானா? எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா.”

“நடிக்க வேண்டாம்க்கா. கூட வர்ற ஒருத்தர்கிட்ட மனசுல இருக்கறதைச் சொல்ற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். எதை வேணா பேசுங்க. சத்தம் பதிவாகாது. உங்க எதிர்ல இருக்கறவருக்கு மட்டும்தான் கேக்கும்.”

எதிரில் உட்கார வேண்டியவன் முதுகுதான் கேமராவுக்குத் தெரியும். அதனால் தைத்த கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு டெய்லர் போய் உட்கார்ந்தான். “அக்கா, என் முதுகுக்கு விருது கொடுக்கப்போறாங்க பாருங்க” என்றான்.

அவளுக்குப் பழைய காலத்துச் சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். கையில் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அவள் எழுந்து என்னிடம் வந்து, மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தாள்.

“இதை வெச்சிருங்க. தொலைச்சிடாதீங்க.”

“என்னது?”

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். “கரண்டு பில்லு” என்றாள்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். உருளை பெட்டியின் ஒரு முனையில், துணிக்குப் பின்னால் இருந்தது. ஒத்திகைக்குச் சுற்றிப் பார்த்தோம். உருளை ஆடியது. அச்சுக்கும் அது உட்காருகிற கட்டைக்கும் நடுவில் இடைவெளி விட்டுப்போயிருந்தது.

“டிரைவரண்ணே, மரமெல்லாம் டான்ஸ் ஆடுது!” என்று டைரக்டர் பெண் கத்தியது. “வெளிச்சம் போயிடும், சீக்கிரம்!”

கிடங்கின் கூரையில் கண்ணாடி போட்டு வெயிலில்தான் எடுத்தார்கள். மேகம் வந்தால் எல்லாம் போச்சு. நான் தரையில் சிராய்த்துண்டு தேடினேன். கிடைக்கவில்லை. சட்டைப் பையில் கை போனது. அந்தக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, இடைவெளியில் சொருகி, கட்டை விரலால் அழுத்தினேன். ஆட்டம் நின்றது. எண்ணெய் போட்ட மாதிரி சுற்றியது. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

எடுக்க ஆரம்பித்தார்கள். நான் சுற்றினேன். மூச்சுக்கு இரண்டு சுற்று, அதுதான் கணக்கு. உருளை கடகடவென்று சத்தம் போடும். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. ஆனால் தலையைக் கொஞ்சம் நீட்டினால் கடைசி ஜன்னல் வழியாக உள்ளே தெரியும்.

நீட்டிப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே பேசினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நடிக்க வராது என்றாளே என்று நினைத்தேன். பிறகு, இது நடிப்பு மாதிரி இல்லையே என்று தோன்றியது. டெய்லரின் முதுகு அசையவே இல்லை. என்னதான் சொல்கிறாள் என்று காதைக் கொடுத்தேன். உருளைச் சத்தத்தில் கேட்கவில்லை. என் கை தானாக நின்றது.

மரங்கள் நின்றுவிட்டன. இரண்டு சொல் காதில் விழுவதற்குள் டைரக்டர் பெண்ணின் குரல்தான் விழுந்தது.

“கட்! டிரைவரண்ணே! ரயில் ஏன் நின்னுச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். “சிக்னல் விழலீங்க” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை.

துணியைத் திருப்பிச் சுற்றி இரண்டாம் தடவை எடுத்தார்கள். இந்தத் தடவை அவள் அழவில்லை. சட்டையில் பட்ட மைக்கறையை எப்படி எடுப்பது என்று டெய்லருக்குச் சொன்னாளாம். அதை அவளே பிறகு சொன்னாள்.

“அப்போ முதல் தடவை என்ன சொன்னே?”

“அட்டையில வரும்ல. படம் வரும்போது படிச்சுக்கலாம்.”

“யாரு படிக்கிறது?”

“ஏன், நான்தான்.”

கிளம்புகிறபோது என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். “பில்லு எங்கே?”

“அதுவா, மிஷின்ல சொருகிட்டேன். உருளை ஆடுச்சு. எடுத்தா மறுபடி ஆடும்.”

அவள் உருளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

“கரண்டு பில்லுதானே, இன்னொண்ணு வராமலா போயிடும்?” என்றேன்.

“ஆமா. வரும்” என்றாள்.

இன்னும் பன்னிரண்டு நாள் என்று சொன்ன படப்பிடிப்பு மழையால் இரண்டு மாதம் இழுத்தது. அது முடிந்த மறுநாளே அவள், “ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்களும் வாங்க” என்றாள். டாக்டர் அம்மா அவளை ஒரு தடவை பார்த்தார். காகிதங்களைப் புரட்டினார்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே லெட்டர் கொடுத்தோமே. ஏன் வரல?”

“அது எங்கியோ தொலைஞ்சுபோச்சு டாக்டர்” என்றாள் அவள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். நடைபாதையில், நாலு பேர் பார்க்க. “ஒரு காகிதத்தை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு? படிச்சவதானே நீ? அதுல என்ன இருக்குன்னு தெரியாமலா தொலைச்சே?” என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தப்புதாங்க” என்றாள். “எம்மேலதான் தப்பு. வாங்க, போகலாம்.”

அதற்குப் பிறகு நான் அவளிடம் சண்டை போடவில்லை. போடுவதற்கு நாள் இல்லை. நாலு மாதம்.

டெய்லர் சாவுக்கு வந்தான். தூரத்தில் நின்றான். என் கையைப் பிடித்தான், ஏதோ சொல்ல வந்தான், பிறகு விட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தான். கஷ்டம் வந்த வீட்டைக் கண்டால் சிலருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

படம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதில் அவள் இருக்கிறாள். அவள் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறாள். அது அட்டையில் எழுத்தாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை. வேறு யாரையாவது கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லலாம்தான். எனக்கு மனசு வரவில்லை. என் பெண்டாட்டி சொன்னதை இன்னொருத்தர் வாயால் கேட்பதா?

எங்கள் தொழிலாளர் சங்கத்து அறையில் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். போய் உட்கார்ந்தேன். ஐம்பத்து நாலு வயசு. பலகை தூக்கித் தூக்கி விரல் மடங்காது, பென்சில் கையில் நிற்காது. முதல் மாதம் உடைத்த பென்சில்களைச் சேர்த்தால் ஒரு நாற்காலி செய்யலாம். வேலை முடிந்து போனால் எழுத்தெல்லாம் கண்ணுக்குள் எறும்பாக ஊரும். விட்டுவிடலாம் என்று தோன்றும் நாட்களில் அவள் விளையாட்டாக அடிக்கிற மாதிரி நானே என் தலையில் அடித்துக்கொள்வேன். பதினாலு மாதத்தில் பஸ் போர்டு படித்தேன். கடைப் பெயர் படித்தேன். அவசரம் இல்லாத எதையும் படித்துவிடுவேன்.

அட்டைக்கு அவசரம் உண்டு. அது எனக்குப் படம் வந்த முதல் நாள்தான் தெரிந்தது.

மதியக் காட்சி. பாதி நாற்காலிகள் காலி. படம் ஆரம்பித்தது. முதல் அட்டை வந்தது. நான் மூன்றாவது சொல்லுக்குப் போவதற்குள் அது போய்விட்டது. இரண்டாவது, அதுவும் போனது. எனக்கு வேர்த்தது. அவளுடையதும் இப்படிப் பாதியில் போய்விட்டால்? அதனால் எழுத்து எழுத்தாகப் போகாமல் சொல் சொல்லாகப் பாய்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி முறைத்தார். நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ரயில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம், கம்பம், குன்று. என் கை மடியில் தானாகச் சுற்றியது. பிறகு அவள் வந்தாள்.

முகம் சுவர் அளவு பெரியது. சால்வை. மூக்கின் பக்கத்தில் அவளுக்கு இருந்த சின்னத் தழும்பு. எதிரே டெய்லரின் முதுகு. அவள் பேசினாள். அது முதல் தடவை எடுத்ததுதான், அழுத தடவை.  ஒரு தடவை சிரித்தாள், ஜன்னலைக் காட்டினாள், நெஞ்சின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் அட்டைக்காகக் காத்திருந்தேன். கண்ணைக்கூட மூடவில்லை.

வெளியே ஓடிய மரங்கள் நின்றன.

வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். வெட்டவில்லை. ‘கட்’ சொன்ன பிறகும் கேமராக்காரர் கொஞ்சம் சுற்றியிருக்கிறார், டைரக்டர் பெண் அதை அப்படியே விட்டிருந்தது. ரயில் நிற்கவில்லை, பெட்டிக்குள் விளக்கு ஆடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஜன்னலில் ஒரே ஒரு மரம் நிற்கிறது. அவள் வாய் இன்னும் இரண்டு சொல்லுக்கு அசைகிறது. அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்னால் ஒரு பெண், “எப்படி எடுத்திருக்காங்க பாரு, உலகமே நின்னுபோச்சு” என்று மெல்லச் சொன்னாள்.

நின்றது என் கை, அம்மா. வேறொன்றும் இல்லை.

அவள் பேசி முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த காட்சி வந்துவிட்டது. கடற்கரை.

அட்டை வரவே இல்லை.

நான் தவறவிட்டேனோ என்று மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்று நாளும் வரவில்லை. அந்தப் படத்தில் நாய் குரைத்தால்கூட அட்டை போட்டார்கள். அவள் பேசியதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. பதினாலு மாதம் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

மிச்சம் ஒருவன்தான். டெய்லர் இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை போட்டிருந்தான். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. என்னைப் பார்த்ததும் மிஷினை மிதித்த காலை நிறுத்திவிட்டான்.

“படம் பாத்தீங்களா மாமா?” என்று குனிந்துகொண்டே கேட்டான்.

“பாத்தேன். உன் முதுகு நல்லா நடிச்சிருக்கு.”

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னடா சொன்னா?”

“டைரக்டர் மேடமும் கேட்டாங்க மாமா. அட்டை எழுதணும்னு. எனக்கு ஞாபகம் இல்லேன்னுட்டேன். அப்புறம்தான் அவங்க அட்டையே வேண்டாம்னு விட்டாங்க.”

“நான் டைரக்டர் இல்ல.”

“அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க.”

“அவ போயாச்சுடா.”

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“தம்பி, இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க, வயித்துல கட்டின்னு ஆரம்பிச்சாங்க மாமா. நான் முதல்ல நடிக்கிறாங்கன்னு நெனச்சேன். உடனே சேரணுமாம், அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காங்க, ஆனா நான் சொல்லப்போறதில்லேன்னாங்க. ஏன்க்கான்னேன். முப்பது வருஷமா தூக்கு, எறக்குன்னு மத்தவங்க சொன்னதைச் செஞ்ச மனுஷன், இப்பதான் ஒரு ரயிலைக் கொடுத்திருக்காங்க, பாரு எப்படிச் சுத்துறார்னு ஜன்னலைக் காட்டுனாங்க. இன்னும் பன்னெண்டு நாள்தானே, முடியட்டும்னாங்க.”

எனக்கு அந்த முகம் தெரிந்தது. திரையில் அவள் சிரித்தது அங்கேதான்.

“அப்புறம்?”

“என் வாயால சொல்ல முடியலடா, அதனால அந்த லெட்டரை அவர்கிட்டயே கொடுத்துட்டேன்னாங்க. சட்டைப் பையில வெச்சிருக்காராம். நெஞ்சுகிட்ட.” அவன் தன் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினான், அவள் காட்டியது போலவே. “யாராவது படிச்சுச் சொன்னா சொல்லட்டும், இல்லேன்னா பன்னெண்டு நாள் கழிச்சு நானே வாங்கிப் படிச்சுக் காட்டுறேன்னாங்க. அப்போதான் மரம் நின்னுச்சு.”

நான் எழுந்தேன்.

“நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமா. சத்தியமாவது ஒண்ணாவது. என்னை ரெண்டு அடி அடிச்சுட்டுப் போங்க” என்றான். அழுதான். அவன் தோளைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

அந்தப் படத்துச் சாமான்களை அதே கிடங்கின் பின்கட்டில் போட்டிருந்தார்கள். காவல்காரருக்கு என்னைத் தெரியும். “என்ன டிரைவர், ரயிலைப் பாக்க வந்தீங்களா?” என்று கதவைத் திறந்துவிட்டார். உடைந்த நாற்காலிகள், தீப்பந்தங்கள், அட்டைத் தூண்கள். உருளைகளைப் படுக்கப் போட்டிருந்தார்கள். துணியை அப்படியே சுற்றி வைத்திருந்தார்கள், மேலே தெரிந்தது குளம். எந்த உருளை என்னுடையது என்று கைப்பிடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

அச்சில் அது இருந்தது. இரண்டு மாதம் அதன் மேல்தான் ரயில் ஓடியிருக்கிறது. காகிதம் மாதிரியே இல்லை, தோல் மாதிரி இருந்தது. திருப்புளியால் மெல்ல நெம்பி எடுத்தேன். மடிப்புகளைப் பிரிக்க வெகு நேரம் ஆனது. ஓரங்கள் கறுத்து எண்ணெயில் ஊறிப்போயிருந்தன. கூரைக் கண்ணாடி வெயிலுக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

இங்கே அட்டை ஓடிப்போகாது. நிதானமாகப் படித்தேன். முதலில் அவள் பெயர். பிறகு வயது. பிறகு தேதி, பாதி அழிந்திருந்தது. நடுவில் டாக்டர்களின் நீள நீளச் சொற்கள். அவை எனக்கு இன்னும் வராது. அடியில் பேனாவால் யாரோ எழுதியது மட்டும் அழியாமல் இருந்தது. மடிப்பின் உள்பக்கம் அது.

சத்தமாகப் படித்தேன். அவள் என் காதோரம் படிப்பாளே, அந்த மாதிரி, ரகசியம் பேசத் தெரியாத குரலில்.

“உடனே வரவும். கணவரையும் அழைத்து வரவும்.”

எல்லாம் முதல் புத்தகத்திலேயே இருக்கிற எழுத்து. நாலாவது மாதமே எனக்கு வந்துவிட்ட எழுத்து. மறுபடி படித்தேன். மறுபடியும்.

காவல்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “என்னங்க அது, யாருகிட்ட பேசுறீங்க? முக்கியமான பேப்பரா?”

பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“கரண்டு பில்லு” என்றேன்.